கயிறு கட்டாத முளை

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். பலகைத் தடுப்புக்குத் தடுப்பு ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றிலும் ஆளில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்பது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால், அண்ணி.

என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. நான் உத்திரமேரூருக்கு வந்த பிறகு அவள் என்னைத் தேடி ஒருநாளும் வந்ததில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் "நல்லா கீறியா?" என்பாள். நல்லா இருக்கிறாயா என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்போம். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவள் காய்க்காரியிடம் போய்விட்டிருப்பாள்.

இப்போது கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. மூடியைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். புளித்த கேழ்வரகு வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது. ஊரில் அன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஊரில் என்ன நடந்திருக்கும் என்று பாதி எனக்கே தெரியும். மீதியைச் சொல்லித் திட்டத்தான் இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்தத் தூக்கைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் நேராகச் சொல்லிப் பழகியவள் இல்லை என்பது இத்தனை வாரமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

ஊர் பேர் வேண்டாம்

சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கினால் எங்கள் ஊர். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இதழ் கடைக்கு வந்த அன்றே யாராவது போன் போட்டு, எங்கள் வகையறாவை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். ஒருமுறை பட்டது போதும்.

நான் கல்யாணம் ஆகிச் செங்கல்பட்டுப் பக்கம் போனவள். போன இடத்தில் அந்த மனிதருக்கு ஏற்கெனவே இன்னொரு குடும்பம் இருந்தது. கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். பிறகு ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு இப்போது அண்ணனின் வீடு. அங்கே போய் நிற்க மனம் வரவில்லை. போ என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

சின்ன வயதில் டைப்ரைட்டிங்கும் பிறகு கொஞ்சம் கம்ப்யூட்டரும் படித்திருந்தேன். அதுதான் இந்த சென்டரில் வேலை வாங்கிக் கொடுத்துச் சோறு போட்டது. சென்டருக்குப் பின்தெருவில் ஒரு ஒற்றை அறை கிடைத்தது.

ஒற்றை ஆள் சமையல் மாதிரி ஒரு தண்டனை கிடையாது. ஒரு டம்ளர் அரிசி போட்டால் மறுநாள் காலை வரைக்கும் அதே சோறுதான். குழம்பு நன்றாக வந்துவிட்டால் அதைவிடக் கஷ்டம். நன்றாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

சாயங்காலம் அறைக்குள் போனால், காலையில் சென்டரைத் திறக்கிற வரைக்கும் வாய்க்கு வேலை இருக்காது. சில நாள் எதையாவது சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று. சிரிக்காதீர்கள். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வாழாவெட்டி என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம் பாருங்கள். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால், அவனுக்கு அன்றைக்குக் காலை நாஷ்டா என் செருப்பால்தான்.

முளையும் கயிறும்

எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் அப்போது குவைத்தில் இருந்தார்கள். ஊருக்கு ஒரு வெப் பேஜ் வேண்டும், வகையறா வகையறாவாக எல்லார் பேரும் அதில் இருக்க வேண்டும், நாங்கள் இங்கிருந்து பார்த்துக்கொள்வோம் என்று கோயில் தர்மகர்த்தாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என்னிடம் வந்தார். "நீ தான் அத்தெல்லாம் பண்ணிக்கினு கீறியே" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் என்னை ஒரு வேலைக்குக் கேட்கிறது.

இலவசமாக இடம் கொடுக்கிற ஒரு தளத்தில் போட்டேன். மேலே எவனோ விற்கிற சாமானின் விளம்பரம் ஆடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே அம்மன் படம், பிறகு ஒவ்வொரு வகையறாவும். எனக்கு ஒரே பக்கமாகத்தான் எழுதத் தெரியும். எழுத எழுத அது ஏரிக்கரை மாதிரி நீண்டுகொண்டே போனது.

குவைத்திலிருந்து போன் வந்தது. கடைசியில் இருக்கிற தங்கள் வகையறாவைப் பார்க்க இழுத்து இழுத்து விரல் வலிக்கிறதாம். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் யோசித்தேன். மற்றவர்களின் பக்கங்களில் மேலே ஒரு வார்த்தையைத் தொட்டால் பக்கத்தின் நடுவுக்குப் போய் நிற்கிறதே, அது எப்படி? நல்லவேளை, எந்தப் பக்கத்தையும் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வழி இருந்தது. துணிக்கடையில் ரவிக்கையைத் திருப்பித் தையலைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன்.

விஷயம் மிகச் சின்னது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு பேரை நட்டு வைக்க வேண்டும். அது மாடு கட்டும் முளை. மேலே இருக்கிற வார்த்தையில் அதே பேரைச் சொல்லி முடிச்சுப் போட வேண்டும். அது கயிறு. கயிற்றைத் தொட்டால் முளைக்கு வந்துவிடலாம். முளை இல்லாமல் கயிறு மட்டும் இருந்தால், தொட்டாலும் பக்கம் அப்படியே நிற்கும். கயிறு இல்லாமல் முளை மட்டும் இருந்தால், அது பாட்டுக்கு அங்கே இருக்கும். யாருக்கும் தெரியாது.

முதல் லிங்க்கைத் தொட்டதும் பக்கம் சடாரென்று கீழே பாய்ந்து எங்கள் வகையறாவில் போய் நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்துத் தடுப்பில் ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். அவளிடம் காட்டலாமா என்று நினைத்தேன். அவள் திரும்பிக்கொண்டாள். நானே இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வகையறாவின் முடிவிலும் "மேலே செல்ல" என்று ஒரு லிங்க்கும் போட்டேன். போனவர்கள் திரும்ப வேண்டாமா?

யார் பேர் முதலில்

பக்கத்தைக் காட்டத் தர்மகர்த்தாவை வரச் சொன்னேன். அவர் தனியாக வரவில்லை. வகையறாவுக்கு ஒரு ஆள் வந்து நின்றார்கள். மேலே நீல நிறத்தில் அடிக்கோடு போட்டு வரிசையாக இருந்த பேர்களைப் பார்த்ததும் அறையே உஷ்ணமாகிவிட்டது.

எந்த வகையறா முதலில்? எங்களைவிட அவர்கள் மேலேயா? போன திருவிழாவில் முதல் மரியாதை யாருக்குக் கொடுத்தோம்?

இது மரியாதை வரிசை இல்லை, யார் தொட்டாலும் அவரவர் இடத்துக்கு நேரே போய்விடலாம், முதலும் கடைசியும் இதில் ஒன்றுதான் என்று தொண்டை வற்றச் சொன்னேன். எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர், "அது சரிம்மா. மொதல்ல யாரு?" என்றார்.

கடைசியில் தர்மகர்த்தாதான் தீர்த்து வைத்தார். அம்மன் ஊர்வலம் எந்த வழியாகச் சுற்றி வருகிறதோ அந்த வழியிலேயே பேர்களும் வரட்டும் என்றார். அதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். தங்கள் வகையறாவைத் தொட்டார்கள், கீழே போனார்கள், தங்கள் பேரைப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். அடுத்த வீட்டுக்காரன் பேர் சரியாக இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. நான் போட்ட லிங்க் அப்படி வேலை செய்தது.

ஒரு படி, அரைப்படி

எங்கள் ஊரில் ஆடிக் கூழுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாவு கூப்பிடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயில் வாசலில் தர்மகர்த்தா மைக்கில் தலைக்கட்டின் பேரைக் கூப்பிடுவார். "கீறோம்" என்று குரல் கொடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் ஒரு படி கேழ்வரகு மாவைக் கொண்டுவந்து அண்டாவில் கொட்டுவாள். எல்லார் வீட்டு மாவும் ஒன்றாகக் கரைந்து ராத்திரி முழுக்கப் புளிக்கும். அதுதான் மறுநாள் கூழ்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூப்பிட்ட பேருக்கு மாவு விழாமல் அடுத்த பேரைக் கூப்பிடக் கூடாது. ஆள் ஊரில் இல்லாவிட்டால் சொந்தக்காரர் யாராவது குரல் கொடுத்துக் கொட்டிவிடுவார்கள்.

புருஷன் செத்துப்போனவள் அரைத் தலைக்கட்டு. அரைப்படி மாவு. சரி, அரையாவது உண்டு. புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்க, தனியாக வாழ்கிறவளுக்கு? அவளுக்குக் கணக்கே கிடையாது. அவள் மாவை வாங்க மாட்டார்கள். அவள் வேண்டுமானால் வந்து, பாத்திரத்தில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம். நான் போகவில்லை. எனக்குக் கூழ் முக்கியமில்லை. என் மாவும் அந்த அண்டாவில் கரைய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வகையறாவின் பேர்களை நானே டைப் அடித்தேன். அப்பா பேர், அண்ணன் பேர், அண்ணன் பிள்ளைகள் பேர். என் பேரையும் போடட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் கெட்டவர் இல்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"உன் பேரு உன் வூட்டுக்காரர் ஊர்ல தானம்மா வரணும். இங்க எப்டி வெக்கறது?"

இதைச் சொல்லிவிட்டு, டீ குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீபோர்டில் நாலு எழுத்து உடைந்திருக்க வேண்டும்.

அவர் போன பிறகு பக்கத்தின் அடிக்குப் போனேன். கடைசி வகையறா, கடைசி "மேலே செல்ல", அதற்கும் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டு எழுதினேன்: "தனலட்சுமி. இந்த ஊரில் பிறந்தவள். இருப்பது உத்திரமேரூர்."

அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஒரு முளையும் நட்டேன். மேலே கயிறு மட்டும் கட்டவில்லை. கட்டினால் நீலத்தில் அடிக்கோடோடு என் பேர் தெரியும். தெரிந்தால் எடுக்கச் சொல்வார்கள். இப்படியே இருந்தால் யாருக்கும் தெரியாது. ஊருக்குள் நான் இருந்ததும் அப்படித்தானே?

தப்பு செய்தேன் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

கடைசித் தாள்

ஆடி வந்தது. இந்த வருஷம் மாவு கூப்பிடுவதை நெட்டில் பார்த்தே கூப்பிட வேண்டும் என்று தர்மகர்த்தாவுக்கு ஆசை வந்துவிட்டது. கோயிலுக்குக் கம்ப்யூட்டர் எங்கே போவது? பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி அண்ணனை அனுப்பினார்.

சென்டரில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் இருந்தது. தாளோடு தாள் ஒட்டி, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக, மடித்து மடித்து வருமே, அது. கர்ர் கர்ர் என்று இழுத்துக்கொண்டே போனது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கீழே பஸ் வருகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காகிதத்தில் குதிக்க முடியாது. மேலிருந்து கீழ்வரை எல்லாம் வரும். கடைசித் தாளில் என் பேர் மட்டும் தனியாக வந்து விழுந்தது.

ஓட்டை வரிசையோடு மடித்துக் கிழித்தால் போதும். கையை வைத்தேன். கிழித்துவிட்டால் வம்பில்லை. கிழிக்காவிட்டால் சபையில் அண்ணன் தலை குனிய வேண்டிவரும், இருக்கிற ஒரே உறவும் போய்விடும். கையை எடுத்துவிட்டேன். வந்தது வரட்டும் என்று அப்படியே மடித்துக் கொடுத்தேன்.

அண்ணன் முதல் தாளைப் பார்த்தார். "நம்ம வூடு எங்க கீது?" என்றார். நடுவில் பிரித்துக் காட்டினேன். தன் பேரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருக் கோயிலில் மைக் செட்டு போட்டிருந்தார்கள். எந்த ஸ்பீக்கர் சத்தம் கேட்டாலும் என் பேரைச் சொல்வது மாதிரியே இருந்தது. அடுப்பு பற்ற வைக்கவில்லை. இவ்வளவு பெரிய ஊரில், உனக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஒரு ஜீவன் இல்லையே என்று அன்றைக்குத்தான் அழுதேன். பஸ் ஏறி வந்த நாளில்கூட நான் அழவில்லை.

மேலே செல்ல

இப்போது அண்ணி கதவருகே நிற்கிறாள். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தூக்கை மேஜைமேல் வைத்தாள். கீபோர்டை நகர்த்திக்கொண்டேன்.

திட்டுவாள் என்று பார்த்தால், சிரிக்க ஆரம்பித்தாள். தர்மகர்த்தா தாளில் இருந்ததை, தலைக்கட்டு பேரோடு பிள்ளைகள் பேரையும் சேர்த்து, ஒன்று விடாமல் மைக்கில் படித்தாராம். ஒரு வகையறா முடிந்ததும் அதே குரலில் "மேலே செல்ல" என்றாராம். எந்தத் தலைக்கட்டு அது, யார் மாவு கொட்டுவது என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். அப்படி ஒரு ஆளே ஊரில் இல்லை என்று சிரித்து விட்டுவிட்டார்களாம். அடுத்த வகையறா முடிந்ததும் மறுபடி "மேலே செல்ல". பிள்ளைகள் எல்லாம் பின்பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்களாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனாராம்.

அப்படித்தான் கடைசித் தாளும் வந்திருக்கிறது. அதே குரலில், நிறுத்தாமல், தனலட்சுமி, இந்த ஊரில் பிறந்தவள், இருப்பது உத்திரமேரூர் என்று படித்துவிட்டார். படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவருக்கே புரிந்திருக்கிறது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், அது கணக்கில் சேராது, விட்டுவிடு என்றாராம். ஆனால் அம்மன் வாசலில் பேர் கூப்பிட்டாகிவிட்டது. மாவு விழாமல் முடிக்க முடியாது.

அண்ணி அங்கே நிறுத்தி, தூக்கின் துண்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மாவு யார் கொட்டியது என்று கேட்டேன்.

"நான் தான். ஒரு படி தனியா எட்த்துக்கினு போயிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. பேர் வரும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

"உங்கண்ணன் தாள பொட்டி மேல வெச்சுட்டு கொல்லைக்கு பூட்டாரு. நான் கடசி வரிக்கும் பிரிச்சு பாத்தேன். கிய்ச்சிடலாமான்னு தான் தோணுச்சு, பொய் சொல்லக்கூடாது. அப்பறம் போயி ஒரு படி சேத்து அரைச்சிக்கினு வந்தேன்."

முழுப்படியா என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பின்ன, அரைப்படி கொட்ட நீ இன்னா செத்தவன் பொண்டாட்டியா?"

தூக்கில் கூழ், மேல்தட்டில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். கண்ணில் நீர் வந்தது. காரம் என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

பிறகு ஸ்கிரீனைக் காட்டி, என் பேர் அதில் எங்கே என்று கேட்டாள். மவுஸைப் பிடித்து இழுத்தேன். வகையறா வகையறாவாக ஓடியது. இழுத்துக்கொண்டே இருந்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

"எல்லாரும் மேல தொட்டா பூடறாங்க. உனுக்கு மட்டும் இம்மாந்தூரம் இய்க்கணுமா?"

லிங்க் வைக்கவில்லை என்றேன்.

"வெய்யி. பஸ்ஸு வரதுக்குள்ள வெய்யி."

வைத்தேன். எங்கள் வகையறாவுக்குப் பக்கத்திலேயே, அதே நீலத்தில், அதே அடிக்கோட்டோடு. அண்ணியையே தொடச் சொன்னேன். மவுஸை ஆட்டுரல் குழவி மாதிரி முழுக்கையால் பிடித்து அழுத்தினாள். பக்கம் பாய்ந்து போய் என் பேரில் நின்றது. சரி என்று தலையாட்டிவிட்டு, காலித் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன், நேற்று என் பேர் கூப்பிட்டபோது நீ என்ன குரல் கொடுத்தாய் என்று.

"இன்னா குடுப்பாங்க? 'கீறா'ன்னு சொன்னேன்."

இறங்கிப் போய்விட்டாள். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. சென்டரில் மறுபடி நான் மட்டும். தனிமை ஒரு தூக்குக் கூழில் தீர்ந்துபோகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று சாயங்காலமும் அதே அறைதான், அதே ஒரு டம்ளர் அரிசிதான். அண்ணன் அதற்குப் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஆடிக்கு நானே ஒரு படி மாவோடு போனேன். வாசலில் நின்ற பெண்கள் என் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நின்றார்கள். அண்ணி அந்தப் பக்கம் அடுப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். தர்மகர்த்தா அதே மாதிரித் தாளை வைத்துக்கொண்டு படித்தார். இந்த முறை "மேலே செல்ல"வை எல்லாம் விட்டுவிட்டார். ஒவ்வொரு வகையறாவாக முடிந்தது. கடைசித் தாளைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றி, கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பேரைக் கூப்பிட்டார்.

"கீறேன்" என்றேன், கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி.